காற்றில்லாத குழாயை அரிப்பது யார்?

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் பைப், வால்வு, ஃபிட்டிங் விற்கும் அண்ணாச்சியின் கடையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய் உட்காருவது என் பழக்கம். அவருக்கு நாற்பது வருஷமாகக் குழாய்தான் பிழைப்பு. எனக்கும் ஒரு வகையில் அதுதான். நவி மும்பையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கடலுக்குள் இருக்கும் எண்ணெய் மேடைகளிலிருந்து வரும் தண்ணீர் மாதிரிகளும் அரித்துப்போன இரும்புத் துண்டுகளும் என் மேஜைக்குத்தான் வரும்.

போன மாதம் அப்படி வந்த ஒரு துண்டின் படத்தை செல்போனில் காட்டினேன். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த குழாய். வெளிப்பக்கம் பெயின்ட்கூட உரியவில்லை. உள்பக்கம் மேல் பாதி வழவழவென்று புதுசாக இருந்தது. அடிப்பாகத்தில் மட்டும் வரிசையாகக் குழிகள். ஐஸ்கிரீமைக் கரண்டியால் வழித்தெடுத்த மாதிரி உருண்டையான குழி, அதற்குள் இன்னொரு குழி, அதன் அடியில் ஊசி நுழையும் அளவு ஓட்டை.

“உள்ளே காத்தே கிடையாது அண்ணாச்சி. பாக்டீரியா பார்த்த வேலை” என்றேன்.

“பூச்சி இரும்பத் திங்குமாக்கும்? உப்புத் தண்ணில இரும்பு கெடந்தா துருப்பிடிக்கத்தான் செய்யும். அதுக்கு எதுக்குத் தம்பி பாக்டீரியா மேல பழியப் போடுத?”

நாற்பது வருஷ அனுபவம் கேட்கிற கேள்வி. இதற்குப் பதில் சொல்ல, துரு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இரும்பு அணு தன்னிடமுள்ள இரண்டு எலக்ட்ரான்களைக் கைவிட்டுவிட்டுத் தண்ணீரில் கரைந்துபோவதுதான் அரிப்பின் முதல் படி. கைவிட்ட எலக்ட்ரானை எடுத்துக்கொள்ள யாராவது வேண்டும். சரக்கு எடுக்க ஆள் வராத மண்டியில் மூட்டை அப்படியே கிடக்குமே, அதுபோல எலக்ட்ரானை வாங்க ஆள் இல்லாவிட்டால் இரும்பும் கரைவதை நிறுத்திக்கொள்ளும். நம் வீட்டு ஜன்னல் கம்பியில் அந்த வாங்குகிற ஆள் ஆக்சிஜன். காற்றும் ஈரமும் சேர்ந்தால் செந்துரு. அண்ணாச்சி நாற்பது வருஷமாகப் பார்ப்பது இந்தத் துருவைத்தான்.

எண்ணெய்க் குழாய்க்குள் கதை வேறு. அங்கே ஆக்சிஜன் கிடையாது. பூமிக்கடியிலிருந்து வரும் எண்ணெயோடும் வாயுவோடும் ஆக்சிஜன் வருவதில்லை. எண்ணெயைத் தள்ளுவதற்காகக் கடல்நீரை எண்ணெய்க் கிணற்றுக்குள் செலுத்தும் குழாய்களில்கூட அந்த நீரிலிருந்து ஆக்சிஜனை மெனக்கெட்டு உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். வெற்றிடக் கோபுரத்தில் பாதி வேலை, மீதியை பைசல்ஃபைட் என்ற உப்பு பார்த்துக்கொள்ளும். நூறு கோடியில் சில பத்துப் பங்கு மிஞ்சினாலே கவலைப்படுகிற அளவுக்குக் கறாராகச் செய்வார்கள்.

எலக்ட்ரான் வாங்கும் ஆளைத் துரத்தியாகிவிட்டது, இனி இரும்பு பத்திரம் என்றுதான் தோன்றும். ஆனால் ஆக்சிஜன் இல்லாத இடம் என்றால் மூச்சுமுட்டிச் செத்துப்போகிறவை மட்டுமா உலகத்தில் உண்டு? ஆக்சிஜன் பட்டாலே ஒடுங்கிப்போகிற, அது இல்லாத இடமாகத் தேடிக் குடியேறுகிற உயிர்களும் உண்டு. நாம் இரும்பைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு, அவற்றுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது.

இந்தப் புதிர் முதலில் அகப்பட்டது கடலில் அல்ல, மண்ணில். நெதர்லாந்தில் காற்றுப் புகாத களிமண்ணுக்குள் புதைத்த வார்ப்பிரும்புத் தண்ணீர்க் குழாய்கள் அரித்துக்கொண்டே இருந்தன. 1934-இல் ஃபான் வோல்ட்ஸோகன் க்யூர், ஃபான் டெர் ஃப்ளுக்ட் என்ற இரண்டு டச்சுக்காரர்கள், மண்ணிலுள்ள பாக்டீரியாதான் இதற்குக் காரணம் என்று எழுதினார்கள். அந்த பாக்டீரியா அதற்கு முன்பே தெரிந்ததுதான். 1895-இல் டெல்ஃப்ட் நகரில் பைரிங்க் என்ற நுண்ணுயிரியலாளர் கண்டுபிடித்திருந்தார். எங்கள் தொழிலில் அதற்கு எஸ்.ஆர்.பி. என்று பெயர். சல்ஃபேட்டைச் சிதைக்கிற பாக்டீரியா.

நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல் இவை சல்ஃபேட்டைச் சுவாசிக்கின்றன. நாம் கரியமில வாயுவை வெளிவிடுவதுபோல் இவை வெளிவிடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் என்போமே, அது. கடல்நீரில் சல்ஃபேட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு லிட்டரில் ஏறக்குறைய 2.7 கிராம் இருக்கிறது. சாப்பாட்டுக்கு எண்ணெயோடு வரும் நீரில் கரைந்திருக்கும் அசிட்டிக் அமிலம் போன்ற கரிமப் பொருள்கள் போதும். மூச்சுக்கு சல்ஃபேட், பசிக்கு அமிலம், குடியிருக்க இருட்டு. வேறென்ன வேண்டும்?

“சரி, அது விடுத வாயுதான் இரும்ப அரிக்கிதுன்னு சொல்லு. பூச்சி திங்கலலா?” என்றார் அண்ணாச்சி.

பெரும்பாலும் அப்படித்தான். ஹைட்ரஜன் சல்ஃபைடு இரும்போடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடு என்ற கறுப்புப் பொருளாகிறது. செந்துரு தெரிந்த கண்ணுக்கு இது துருவாகவே தோன்றாது. கரி அரைத்துப் பூசிய மாதிரி இருக்கும். அந்தக் கறுப்புப் படிவு மின்சாரத்தைக் கடத்தும். அதனால் படிவு மூடிய இடத்துக்கும் பக்கத்து வெறும் இரும்புக்கும் இடையே ஒரு குட்டி பேட்டரி உருவாகி அரிப்பை மேலும் ஓட்டுகிறது.

ஆனால் அண்ணாச்சியின் முதல் கேள்வியை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. ஜெர்மனியின் பிரேமன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் கடல் நுண்ணுயிரியல் நிறுவன விஞ்ஞானிகள், வெறும் இரும்பை மட்டுமே ஆகாரமாகக் கொடுத்து ஒருவகை எஸ்.ஆர்.பி.யை வளர்த்துக் காட்டினார்கள். 2004-இல் வெளியான ஆய்வு அது. அந்த வகை, இரும்பிலிருந்து எலக்ட்ரானை நேரடியாகவே உருவிக்கொள்கிறது என்பது அவர்கள் முடிவு. அதாவது மண்டிக்கு ஆக்சிஜன் வராவிட்டாலும் வாங்குகிற ஆளாக பாக்டீரியாவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘திங்கும்’ என்று சொல்வது அந்த வகைக்கு மட்டும் ஓரளவு பொருந்தும்.

எஸ்.ஆர்.பி. தனியாக இருப்பதும் இல்லை. அமிலம் சுரக்கும் பாக்டீரியா, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர், இரும்பை ஆக்சிஜனேற்றி ஆரஞ்சு நிற மேடு கட்டும் பாக்டீரியா எல்லாம் ஒரே கூரையின் கீழ் கூட்டுக் குடித்தனம். தாராவியில் வளர்ந்தவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். பத்துக்குப் பத்து அறை, மேலே பரண், கீழே அடுப்பு, ஒருவர் ஷிஃப்ட் முடிந்து வரும்போது இன்னொருவர் பாயைச் சுருட்டுவார். நுண்ணுயிர்களும் அப்படித்தான். மேலடுக்கில் இருப்பவை வருகிற துளி ஆக்சிஜனைக் குடித்துத் தீர்த்துவிடுகின்றன. அதனால் கீழடுக்கில் ஆக்சிஜன் ஆகாதவை நிம்மதியாக வாழ்கின்றன. ஒன்றின் கழிவு இன்னொன்றின் சாப்பாடு. எல்லாரையும் பிடித்து வைத்திருப்பது அவை சுரக்கும் கோந்து. குளியலறைத் தரையில் கால் வழுக்குகிறதே, சமையலறைத் தொட்டிக் குழாயைக் கழற்றினால் சளிபோலத் தொங்குகிறதே, அந்த வழுவழுப்புதான் அது. உயிர்ப்படலம் என்று சொல்லலாம். எங்கள் லேபில் எல்லாருக்கும் அது ‘பயோஃபிலிம்’தான்.

உயிர்ப்படலத்துக்கு அண்ணாச்சியின் வாயிலேயே ஓர் உதாரணம் இருந்தது. இடது கடைவாய்ப் பல் சொத்தை. மூன்று மாதமாக வலியோடு அலைகிறார், டாக்டரிடம் போகமாட்டார். பல்லில் படியும் ஊத்தையும் உயிர்ப்படலம்தான். சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகிறது. அமிலம் வாய் முழுக்கப் பரவினால் எச்சில் கழுவிவிடும். ஆனால் ஊத்தைக்கு அடியில் எச்சில் போகாது. அங்கே மட்டும் அமிலம் தேங்கி, பல் முழுக்கத் தேயாமல் ஒரே புள்ளியில் குழி விழுகிறது. குழி விழுந்ததும் அங்கே இன்னும் அதிகமாக ஊத்தை ஒதுங்கும். குழாயிலும் இதே கதைதான்.

இரும்பு எவ்வளவு கரைந்தது என்பதைவிட எங்கே கரைந்தது என்பதுதான் இதில் ஆபத்து. 12 மி.மீ. கனமுள்ள குழாய் என்று வைத்துக்கொள்வோம். உள்பக்கம் முழுக்க வருஷத்துக்கு 0.1 மி.மீ. சீராகத் தேய்ந்தால் முப்பது வருஷத்தில் 3 மி.மீ.தான் போயிருக்கும், யாரும் பதறமாட்டார்கள். அதே குழாயில் ஒரே ஒரு புள்ளியில் வருஷத்துக்கு 2 மி.மீ. இறங்கினால் ஆறாவது வருஷம் ஓட்டை. எடை போட்டுப் பார்த்தால் குழாயில் ஒன்றுமே குறைந்திருக்காது.

இனி கடலுக்குப் போவோம். மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில், ஏறக்குறைய 75 மீட்டர் ஆழக் கடலில் மும்பை ஹை எண்ணெய் வயல் இருக்கிறது. 1974-இல் ‘சாகர் சாம்ராட்’ ரிக் துளையிட்டு எண்ணெய் கண்டது. 1976-இல் உற்பத்தி தொடங்கியது. ஜூஹுவிலிருந்து ஹெலிகாப்டரில் ஆள் போவார்கள், பதினான்கு நாள் கடல், பதினான்கு நாள் கரை. மேடைகளை இணைத்துக் கடலடியில் குழாய்கள் வலைபோல ஓடுகின்றன. எண்ணெயும் வாயுவும் உரண் கரைக்கு வந்துசேர்வதும் கடலடிக் குழாய் வழியாகத்தான். கரையில் குழாய் ஒழுகினால் தோண்டிப் பார்க்கலாம். அங்கே ஒழுகினால் முக்குளிப்பவர் வேண்டும், கப்பல் வேண்டும், கடல் அமைதியாக இருக்க வேண்டும்.

வயலுக்கு வயதாக ஆக உள்ளே அழுத்தம் குறையும். எண்ணெயைத் தள்ள 1980-களிலிருந்து மும்பை ஹையில் கடல்நீரைக் கீழே செலுத்தி வருகிறார்கள். உலகம் முழுக்க உள்ள வழக்கம்தான் இது. ஆனால் இதோடு சல்ஃபேட்டும் பாக்டீரியாவும் நிலத்தடிப் பாறைக்குள் இறங்குகின்றன. சூடான பாறையும் குளிர்ந்த கடல்நீரால் கொஞ்சம் ஆறுகிறது. வட கடலின் பல வயல்களில் தொடக்கத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இல்லாமல் வந்த வாயு, சில வருஷம் கடல்நீர் செலுத்தியபின் நாற்றத்தோடு வரத் தொடங்கியது. வயல் ‘புளித்துவிட்டது’ என்பார்கள். இட்லி மாவு புளிப்பதும் நுண்ணுயிராலேதான். அது நமக்கு லாபம், இது நஷ்டம்.

அந்த வாயுவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கொஞ்சூண்டு இருந்தால் மூக்கு உடனே கண்டுபிடித்துவிடும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, நல்லதாகப் போயிற்று என்று நினைக்கிற அந்த நேரம்தான் உயிருக்கு ஆபத்தான நேரம். அதனால்தான் மேடையில் எல்லாரும் சட்டையில் ஒரு சின்ன அலாரக் கருவியைக் குத்திக்கொண்டு நடப்பார்கள்.

சரி, குழாயில் எந்த இடத்தில் அரிக்கும்? எங்கே தண்ணீர் ஓடாமல் நிற்கிறதோ அங்கே. இவ்வளவு வருஷத்தில் நான் பார்த்த கேஸ்களில் முக்கால்வாசி இந்த ஒற்றை வரியில் அடங்கும்.

எண்ணெயும் நீரும் சேர்ந்து வேகமாகப் பாய்ந்தால் கலங்கிக்கொண்டே போகும். வேகம் குறைந்தால் கனமான நீர் அடியில் தங்கும், மணலும் மெழுகும் அதன்மேல் படியும். அதனால்தான் என் படத்தில் இருந்த குழிகள் எல்லாம் அடியில். குழாயின் வாயைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு ‘ஆறு மணி’ என்று அந்த இடத்தைச் சொல்வோம். ரிப்போர்ட்டில் ‘ஐந்து முதல் ஏழு மணி வரை குழிகள்’ என்று எழுதியிருந்தால் நேரம் என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்து, தொட்டிகளின் அடித்தளம். அதற்கடுத்து, எங்கும் போகாமல் முட்டி நிற்கும் கிளைக் குழாய்கள். இவற்றுக்கு ‘டெட் லெக்’ என்று பெயர், செத்த கால். என்றைக்கோ ஒரு பம்புக்காகப் போட்ட இணைப்பு, பம்பு போய்விட்டது, குழாய்க்கு மூடி போட்டுவிட்டார்கள், உள்ளே தண்ணீர் நிற்கிறது.

“இது மாதிரியா?” என்று அண்ணாச்சி கடையின் பின்சுவரைக் காட்டினார். முன்பு அங்கே ஒரு குழாயடி இருந்தது. அதை எடுத்துவிட்டு, முக்கால் அடி நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த அரை இன்ச் லைனுக்கு பிளக் அடித்து வைத்திருந்தார்.

“இதேதான்.”

அவர் அந்த பிளக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மும்பைக்கே உரிய ஒரு தேக்கமும் உண்டு. ஜூனில் மழைக்காலம் தொடங்கினால் அரபிக்கடலில் குழாய் பதிக்கும் வேலை நின்றுவிடும். புதிதாகப் போட்ட குழாயில் கடல்நீரை அழுத்தி நிரப்பி, ஒழுகுகிறதா என்று சோதிப்பார்கள். இணைப்பு வேலை முடிவதற்குள் மழை வந்துவிட்டால் அந்தத் தண்ணீர் அக்டோபர், நவம்பர் வரை உள்ளேயே கிடக்கும். அதனால் நிரப்பும்போதே கிருமிநாசினியும் ஆக்சிஜன் உறிஞ்சும் மருந்தும் கணக்குப் போட்டுச் சேர்க்க வேண்டும். சில வருஷத்துக்கு முன் ஒரு கேஸ், பெயரெல்லாம் வேண்டாம். மருந்தின் அளவு அறுபது நாளைக்குத்தான் கணக்கிடப்பட்டிருந்தது. தண்ணீர் கிடந்ததோ ஏழு மாதம். திறந்தபோது மை மாதிரி வந்தது என்று மாதிரி எடுத்தவர் சொன்னார். ஒரு லிட்டர் எண்ணெய்கூட இன்னும் ஓடாத புத்தம் புதுக் குழாயில், அதற்குள் குழிகள் தொடங்கியிருந்தன.

இந்த அரிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கரையில் நடந்த இரண்டு சம்பவங்கள் போதும். 2000 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில், கார்ல்ஸ்பாட் அருகே ஆற்றங்கரையில் 30 அங்குல வாயுக் குழாய் வெடித்து, பக்கத்தில் முகாமிட்டிருந்த 12 பேர் இறந்தார்கள். 1950-இல் பதித்த குழாய். தாழ்வான ஓர் இடத்தில் உள்ளே நீர் தேங்கி, சுவரின் கனத்தில் 72 சதவீதம் வரை அரித்துப்போயிருந்தது. கரைந்த வாயுக்கள், உப்பு ஆகியவற்றோடு நுண்ணுயிரிகளின் பங்கும் விசாரணையில் பேசப்பட்டது. 2006 மார்ச்சில் அலாஸ்காவின் ப்ரூடோ பே வயலில் ஒரு குழாயின் அடியில் விழுந்த சின்ன ஓட்டை வழியாக சுமார் 5,000 பீப்பாய் எண்ணெய் பனிச் சமவெளியில் கொட்டியது. சில நாள் யாருக்கும் தெரியவே இல்லை. பல வருஷம் உள்ளே துலக்காத குழாய், மெதுவான ஓட்டம், அடியில் படிந்த வண்டல். அங்கேயும் நுண்ணுயிரி அரிப்புமீது பலத்த சந்தேகம் எழுந்தது.

‘சந்தேகம்’, ‘பங்கு’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் அதற்குமேல் உறுதியாகச் சொல்வது கஷ்டம். எண்ணெயில் கரைந்திருக்கும் கரியமில வாயுவும் ஆக்சிஜன் இல்லாமலேயே இரும்பை அரிக்கும். பல குழாய்களில் முதல் குற்றவாளி அதுதான். பாக்டீரியா எங்கும் இருக்கிறது. கோயில் வாசலில் செருப்பு காணாமல் போனால் வாசலில் நின்ற எல்லாரையும் திருடன் என்று சொல்லிவிட முடியுமா? அரிப்பால் ஆகும் செலவில் ஐந்தில் ஒரு பங்கு நுண்ணுயிரால் வருவது என்று ஒரு கணக்கு எல்லாக் கருத்தரங்கிலும் முதல் ஸ்லைடில் வரும். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. எண்ணெய், கப்பல், குடிநீர் என எல்லாத் துறைக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? குழியின் வடிவம், படிவில் உள்ள ரசாயனம், நீரின் பகுப்பாய்வு, அந்தக் குழியிலிருந்தே சுரண்டி எடுத்த நுண்ணுயிர்கள் எல்லாம் ஒரே பக்கம் கை காட்டினால்தான் நான் ‘நுண்ணுயிரி அரிப்பு’ என்று கையெழுத்துப் போடுவேன்.

எங்கள் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று அண்ணாச்சிக்குச் சொன்னபோது அதில்தான் அவருக்கு அதிக ஆர்வம். சுண்டுவிரல் நீளத்தில் குட்டி பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் 9 மில்லி திரவம், ரப்பர் மூடி, உள்ளே ஒரு சின்ன இரும்பு ஆணி. மாதிரித் தண்ணீரிலிருந்து ஊசியால் 1 மில்லி எடுத்து முதல் பாட்டிலில் குத்திச் செலுத்துவேன். குலுக்கிவிட்டு அதிலிருந்து 1 மில்லி இரண்டாவதில், அதிலிருந்து மூன்றாவதில். ஒவ்வொரு பாட்டிலுக்கும் பத்து மடங்கு நீர்த்துப்போகும். பிறகு குழாயின் சூட்டுக்கு ஏற்ற வெப்பத்தில் 28 நாள் வைத்திருக்க வேண்டும். எஸ்.ஆர்.பி. இருந்தால் ஆணியைச் சுற்றி முதலில் புகைபோல ஒரு கறுப்பு தெரியும், அடுத்த நாள் பாட்டிலே மை ஆகிவிடும். மூன்று பாட்டில் கறுத்தால் ஒரு மில்லியில் நூறிலிருந்து ஆயிரம் வரை. ஆறு கறுத்தால் லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை. அமிலம் சுரப்பவைக்கு வேறு பாட்டில். அது சிவப்பிலிருந்து மஞ்சளாகும்.

பாட்டிலில் வளராதவை ஏராளம் என்பதால் இப்போது டி.என்.ஏ.வை எண்ணும் முறைகளும் வந்துவிட்டன, ஒரே நாளில் பதில் கிடைக்கும். ஆனாலும் அடிப்படைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நமக்கு வருவது ஓடுகிற தண்ணீர். அரிக்கிறவை சுவரில் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. வாய் கொப்பளித்த தண்ணீரைப் பார்த்து எந்தப் பல்லில் சொத்தை என்று சொல்கிற மாதிரி. அதனால் குழாய்க்குள் ‘கூப்பான்’ என்ற சின்ன இரும்புப் பட்டைகளைச் செருகி வைத்து, சில மாதம் கழித்து எடுத்துச் சுரண்டிப் பார்ப்பார்கள்.

நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். மழை நாள், ஹெலிகாப்டர் பறக்கவில்லை, மாதிரி மேடையிலேயே மூன்று நாள் கிடந்து வந்தது. பாட்டில் முக்கால்தான் நிரம்பியிருந்தது, மேலே காற்று. ஆக்சிஜன் பட்டால் எஸ்.ஆர்.பி. ஒடுங்கிப்போகும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அவசரம், போட்டுவிட்டேன். ஒரு பாட்டிலும் கறுக்கவில்லை. ‘வளர்ச்சி இல்லை’ என்று ரிப்போர்ட் போனது. நாலு மாதம் கழித்து அதே லைனிலிருந்து வெட்டியெடுத்த துண்டு என் மேஜைக்கு வந்தது, ஆறு மணியில் குழிகளோடு. அதற்குப் பிறகு காற்றுக் குமிழ் தெரிகிற பாட்டிலை நான் வாங்குவதே இல்லை. விளிம்பு வரை நிரப்பித்தான் மூட வேண்டும்.

வைத்தியத்தில் முதலில் வருவது துலக்குவது. குழாய்க்குள் அடைப்பானைப்போலப் பொருந்துகிற, சுற்றிலும் பிரஷ் வைத்த உருளை ஒன்றை ஒரு முனையில் விட்டு, பின்னாலிருந்து வரும் எண்ணெயின் அழுத்தத்தாலேயே மறுமுனை வரை தள்ளுவார்கள். அதன் பெயர் ‘பிக்’. ஆமாம், பன்றிதான். தேங்கிய நீரையும் வண்டலையும் படலத்தையும் வழித்துக்கொண்டு வரும். வந்து சேரும் இடத்தில் கதவைத் திறக்கும்போது கவனம் வேண்டும். காய்ந்த இரும்பு சல்ஃபைடு காற்றுப் பட்டதும் தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. அதனால் அந்தக் கறுப்புச் சேற்றைத் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டே அள்ளுவார்கள். காந்த உணரிகள் பொருத்திய ‘அறிவாளிப் பன்றி’யும் உண்டு. அது துலக்காது, எந்த இடத்தில் சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு வரும்.

துலக்கிய பிறகுதான் மருந்து. குளூட்டரால்டிஹைடு, டி.எச்.பி.எஸ். என்ற இரண்டு கிருமிநாசினிகள் பரவலாகப் பயன்படுகின்றன. கடல்நீரை உறிஞ்சும் இடத்தில் மின்சாரத்தால் கடல் உப்பிலிருந்தே குளோரின் மருந்து தயாரித்துக் கலப்பதும் உண்டு. துலக்காமல் மருந்தை மட்டும் ஊற்றினால் கோந்துப் படலத்தின் மேலடுக்கு சாகும், அடியில் இருப்பவை பிழைத்துக்கொள்ளும். பல் தேய்க்காமல் வாய் கொப்பளிக்கிற கதை. இன்னொரு வேடிக்கை, ஆக்சிஜனை உறிஞ்சும் பைசல்ஃபைட்டும் குளூட்டரால்டிஹைடும் ஒன்றையொன்று முறித்துவிடும். இரண்டையும் ஒரே இடத்தில் செலுத்தினால் இரண்டு மருந்துக்கும் காசு கொடுத்துவிட்டு வெறும் தண்ணீரை விட்ட கணக்குத்தான். நார்வேயின் குல்ஃபாக்ஸ் வயலில் 1999-இல் வேறு வழிக்குப் போனார்கள். கொல்வதற்குப் பதிலாக நைட்ரேட்டைக் கலந்தார்கள். அதைச் சுவாசிக்கும் பாக்டீரியா பெருகி, எஸ்.ஆர்.பி.யின் சாப்பாட்டைப் பிடுங்கிக்கொண்டுவிடும். எல்லா வயலுக்கும் இது பொருந்தாது என்றாலும் எனக்குப் பிடித்த யோசனை இதுதான்.

குழாயின் வெளிப்பக்கத்துக்கும் மேடையின் கால்களுக்கும் அலுமினியத் துண்டுகளைக் கட்டி, இரும்புக்குப் பதில் அவை கரையும்படி செய்வார்கள். கடல்நீரில் மின்னழுத்தம் அளக்கும் வெள்ளி–வெள்ளி குளோரைடு அளவுகோலில் இரும்பு மைனஸ் 0.80 வோல்ட்டில் இருந்தால் சாதாரணக் கடல்நீரில் போதும். எஸ்.ஆர்.பி. உள்ள சேற்றில் மைனஸ் 0.90 வேண்டும். இந்தப் பாதுகாப்பு வெளிப்பக்கத்தோடு சரி, குழாயின் உள்ளே எட்டாது. இந்த மாதிரி விஷயங்களை நம் பக்கத்திலேயே கற்கலாம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்து, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு மண்டபம் கடற்கரையில் அரிப்புச் சோதனை நிலையமே இருக்கிறது. கடலும் இரும்பும் என்ன செய்துகொள்கின்றன என்று அங்கே பட்டைகளை வருஷக்கணக்கில் தொங்கவிட்டுப் பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடிக்க இரண்டு டீ ஆனது. அடுத்த ஞாயிறு நான் போனபோது அண்ணாச்சி கடையில் இல்லை. பின்சுவர் பக்கம் குந்தியிருந்தார், கையில் பைப் ரெஞ்ச். பிளக் கழன்று தரையில் கிடந்தது, அதன் உள்முகம் கரி பூசிய மாதிரி. அரை இன்ச் லைனிலிருந்து கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. லேசாக முட்டை வாடை.

“இது எத்தனாவது பாட்டில் வரைக்கும் கறுக்கும் தம்பி?”

“லேபுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.”

அவர் பெட்டிக்கடையிலிருந்து காலி சோடா பாட்டில் ஒன்று வாங்கி வரச் சொன்னார். கழுவி, குழாய் வாயில் பிடித்து, சொட்டுச் சொட்டாக நிரம்பும்வரை காத்திருந்தார். விளிம்பைத் தாண்டி வழிந்த பிறகுதான் மூடியைத் திருகினார். பிறகு தலைகீழாகக் கவிழ்த்து, வெளிச்சத்தில் குமிழ் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.